பின்போர்ஷன்காரியின் பத்திரம்

பின்போர்ஷனுக்குக் குடிவந்த பெண்ணை எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போய்விட்டது. காரணம் ஒரு பத்திரம்.

விருத்தாசலத்தில் நாங்கள் குடியிருந்த அந்த வீட்டில் மூன்று குடும்பங்கள். மாடியில் ஓனரம்மா தனியாக இருந்தார். அவருடைய ஒரே மகன் சென்னையில். கீழே ரோட்டைப் பார்த்த முன்போர்ஷனில் நானும் என் கணவரும் மகளும். பின்பக்கம் இரண்டு அறை கொண்ட சின்ன போர்ஷன் ஒன்று உண்டு. அதில் வருவார்கள், ஆறு மாதம் ஒரு வருடம் இருப்பார்கள், போவார்கள். நாங்கள் மட்டும் பதினோரு வருடமாக அங்கேயே இருந்தோம்.

கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நாலு நாள் வெளியூர். நான் மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு யூனிட்டில் செக்கிங்கில் இருக்கிறேன். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன மரக்கட்டையால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, விரிசல் விட்டதை ஒதுக்கிப் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் கண்டுபிடிப்பவள் என்று அங்கே எனக்குப் பெயர். கொஞ்சம் கர்வமும் உண்டு.

புதிதாக வந்தவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். திட்டக்குடிப் பக்கம். பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காது மந்தமான அம்மா மட்டும் கூட இருந்தார். சாமான் இறக்கிய அன்று நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஓனரம்மாவிடம் போய் நின்று, கையில் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள்.

"அம்மா, ரெண்டு வருஷத்துக்கு எழுதி எடுத்தாந்திருக்கேன். படிச்சிப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க. அப்புறம் கவர்மெண்டு வெப்சைட்டுல பதியணும். நானே பதிஞ்சிக் குடுத்துடுறேன்."

ஓனரம்மா அவளை அப்படியே லாரியில் திரும்ப ஏற்றி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். பதினோரு வருடத்தில் நான் ஒரு ரசீது கூடக் கேட்டதில்லை. மாதம் பிறந்தால் மேலே போய்க் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன்.

ஓனரம்மா சொன்னார், "வாங்க, மேல வந்து ஒக்காருங்க. நின்னுகிட்டு என்னாத்துக்குப் பேசணும்?"

வாங்க. ஒக்காருங்க. என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏய், வாடி, இந்த வத்தல கொஞ்சம் கிள்ளிக் குடு," என்றுதான் கூப்பிடுவார். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு, ஈரப் பாவாடையைப் பிழிந்த கையோடு நின்றபோது, பாசமும் மரியாதையும் வேறு வேறு பாத்திரத்தில் பரிமாறப்படுகின்றன என்று தோன்றியது. எனக்குப் பரிமாறியது சின்னப் பாத்திரம்.

அதற்குப் பிறகு அவள் எது செய்தாலும் என் கண்ணில் உறுத்தியது. காலையில் இஸ்திரி போட்ட சுடிதாரில் ஸ்கூட்டியை உதைக்காமல் பட்டனில் ஸ்டார்ட் செய்வாள். மோட்டார் கெட்டால் ஓனரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவாள். சாயந்திரமே ஆள் வந்துவிடும். நான் அதே மோட்டாருக்காகப் பல தடவை மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறேன். என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பயாலஜியில் சந்தேகம் என்று அடிக்கடி பின்போர்ஷனுக்குப் போக ஆரம்பித்தாள்.

வெளியூரிலிருந்து வந்த கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணு வெவரமான பொண்ணு. வூடு புடிக்கும்போதே எல்லாத்தையும் எழுதி வாங்கிடுச்சாமே," என்றார்.

"ஆமா. நான் வெவரம் கெட்டவ," என்றேன்.

"நான் ஒன்ன சொன்னேனா?"

குழம்பை இரண்டாவது தடவை ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன்.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனரம்மாவுக்கு வடகம் பிழிய மொட்டை மாடிக்குப் போனேன். அதற்கு முந்தின நாள் பின்போர்ஷன்காரி கரண்டு மீட்டரை போனில் படம் எடுத்ததைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

"யூனிட்டுக்கு நீங்க கூடுதலா வாங்குறீங்கன்னு எங்கிட்ட கேக்குதும்மா. நாளைக்கி இது கேஸு கீஸு போட்டாலும் போடும். கொஞ்சம் பாத்து இருங்க."

அவள் என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. மாவுக் கையோடு, முகத்தை அக்கறையாக வைத்துக்கொண்டு, முழுப் பொய் சொன்னேன். ஓனரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குளிர்ச்சி.

ஓனரம்மா மகனுக்கு போன் போட்டிருக்கிறார். கேஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் அடுத்த வாரமே கிளம்பி வந்துவிட்டான். பத்திரத்தை எடுத்துப் படித்தான். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே செல்போன் கடை வைக்கும் யோசனை அவனுக்கு ஏற்கெனவே இருந்ததாம். இரண்டு நாள் கழித்து அம்மாவும் மகனுமாகக் கீழே இறங்கி வந்தார்கள். பின்போர்ஷனுக்குப் போகப் போகிறார்கள் என்று கதவோரம் நின்றேன். என் வாசலில் வந்து நின்றார்கள்.

"அக்கா, முன்னாடி போர்ஷனு எனக்குக் கடைக்கி வேணும். ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க," என்றான் மகன்.

"தம்பி, பாப்பாவுக்கு பப்ளிக் எக்ஸாம் வருது. அது வரைக்கும்..."

ஓனரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுகிட்ட பத்திரம் இருக்குதுடி. ரெண்டு வருஷத்துக்கு அத ஒண்ணும் சொல்ல முடியாதாம். நீ நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி. நீ புரிஞ்சிக்குவ."

அவர்கள் மேலே போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வீடு போகிறதே என்ற கவலைக்கு முன்னால், அவள் மட்டும் இருக்கப்போகிறாளே என்பதுதான் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு தாள். அது அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

மகள் சொன்னாள், "யம்மா, பின்னாடி அக்காவ கேட்டா சொல்லும்மா. அதுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியும்."

"யாரையும் கேக்க வேணாம். நானே பாத்துக்குறேன்."

போனில் தேட ஆரம்பித்தேன். வாடகை, காலி, சட்டம் என்று எழுதினால் வீடியோ வீடியோவாக வந்தது. கோட்டு போட்ட ஒருவர் ஒரு மாத நோட்டீஸ் போதும் என்றார். இன்னொருவர் மூன்று மாதம் என்றார். ஒருவர் வேறு மாநிலத்துச் சட்டத்தை அரை மணி நேரம் விளக்கிவிட்டுக் கடைசியில்தான் அதைச் சொன்னார். ஒன்றில் பழைய சட்டம், ஒன்றில் புதுச் சட்டம். எது நடப்பில் இருக்கிறது என்று யாரும் முதலில் சொல்வதில்லை. பஸ்ஸில், டீ டயத்தில், சோறு பொங்கும்போது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேள்விகள் கூடினவே தவிர பதில் ஒன்றும் கையில் நிற்கவில்லை.

அப்போதுதான் யூனிட்டில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒன்று சொன்னார். "பன்னண்டு வருஷம் ஒரே வூட்ல இருந்துட்டா அது குடியிருக்குறவங்களுக்கே சொந்தமாயிடுமாம். எங்க கொழுந்தனாரு சொன்னாரு."

எங்களுக்குப் பதினொன்று முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த வாரம் முழுக்க நான் தட்டிய உருப்படிகளின் சத்தம் ஒழுங்காகக் காதில் விழவில்லை. எப்படியாவது இன்னும் கொஞ்ச மாதம் ஓட்டிவிட்டால் போதும். முன்போர்ஷன் என்னுடையது. வாசலில் ஒரு ஊஞ்சல். மாடிப்படி யார் பக்கம் வரும் என்று கூட யோசித்தேன். பின்போர்ஷன்காரி கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது, இரண்டு வருஷப் பத்திரம் வைத்திருக்கிறாளாம், பார்க்கலாம் என்று மனதுக்குள் சிரித்தேன். அடுத்தவர் வீட்டை அபகரிக்க நினைக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுடையதை விடப் பெரிய தாள் ஒன்று எனக்குக் கிடைக்கப்போகிறது என்றுதான் தோன்றியது.

அந்தத் தைரியத்தில் மகனிடம், "எங்களால இப்ப காலி பண்ண முடியாது தம்பி," என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் குழாய், தனி வால்வு. எங்கள் வால்வை மூடிவிட்டு மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தான். கேட்டதற்கு, "லைன்ல ரிப்பேரு," என்றான்.

பின்பக்கம் அவள் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள்.

"அக்கா, எங்க பைப்புல டியூப்பு மாட்டித் தரேன். புடிச்சிக்கோங்க."

"வேணாம்மா. தெருக் குழாயில வருது."

தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மூன்று வீடு தள்ளிப் போய்க் குடம் குடமாகச் சுமந்தேன். மகளும் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து சுமந்தாள். நாலாவது நாள் அவள் குடத்தை நடு ரூமில் வைத்துவிட்டு, "ஒனக்கு அந்த அக்கா மேல என்னாம்மா கோவம்? அதுக்காக நான் ஏன் தண்ணி தூக்கணும்?" என்று கேட்டாள். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன்.

கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்று ஒரு போர்டை பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது கொலை, விவாகரத்து என்று பெரிய விஷயங்களுக்கு என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு வக்கீலம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். செருப்பை வெளியே விடப் போனேன்.

"போட்டுகிட்டே வாங்க. ஒக்காருங்க. என்னா வெஷயம்?"

"ஃபீஸு எவ்ளோங்க?"

"பொம்பளைங்களுக்கு இங்க ஃபீஸே இல்லிங்க. சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். வடகம் பிழிந்த கதையைத் தவிர. கடைசியாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "பன்னண்டு வருஷம் ஆயிட்டா வூடு எங்களுக்கே வந்துடுமாமே?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். "வராதுங்க. வாடகைக்கின்னு சொல்லி உள்ள போனவங்க எத்தன வருஷம் இருந்தாலும் வாடகைக்கி இருக்குறவங்கதான். அந்த நெனப்ப விட்டுடுங்க. ஆனா ஒங்களுக்கு இருக்குற உரிமைய சொல்றேன், கேட்டுக்கோங்க."

பழைய சட்டம் போய் இப்போது புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது என்றார். அதன்படி எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களுக்கு அது இல்லாதது பலவீனம்தான். ஓனர் தன் தேவைக்கு வீட்டைக் கேட்கலாம். ஆனால் ஒத்துவரவில்லை என்றால் முறையாக மனுப் போட்டு, உத்தரவு வாங்கித்தான் காலி செய்ய வைக்க முடியும்.

"தண்ணிய நிறுத்துறது, கரண்ட கட் பண்றது, இதெல்லாம் ஓனரு செய்யக்கூடாதுங்க. சண்ட இருந்தாலும் செய்யக்கூடாது. அதுக்கு வாடகை அதிகாரிகிட்ட உடனே மனு குடுக்கலாம். அதுக்கு முன்னாடி நாங்க ஒரு கடுதாசி அனுப்பி ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிப் பாக்குறோம். நீங்க அங்கதான் குடியிருக்கீங்கன்னு என்னா ஆதாரம் இருக்குது?"

"ரசீது எதுவும் இல்லிங்க."

"ரேஷன் கார்டு, கேஸு புக்கு, பாப்பா ஸ்கூலு அட்ரஸ்ஸு?"

"இருக்குது."

"நல்லது. அதோட, அதே காம்பவுண்டுல இருக்குறவங்க யாராவது, இவங்க இத்தன காலமா இங்கதான் இருக்காங்க, இந்தத் தேதியிலேருந்து தண்ணி வரல, எங்களுக்கு மட்டும் வருதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தா பலமா இருக்கும். இருக்காங்களா யாராவது?"

ஓனரம்மா. நான். அவள். மூன்றே குடித்தனம்தான். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. இத்தனை நாளாகத் தேடி எனக்குக் கிடைக்காதது அரை மணி நேரத்தில் ஒரு மேஜை முன்னால் கிடைத்திருக்கிறது. அதை முடிக்க அவள் கையெழுத்து வேண்டும். அழுகையும் வரவில்லை. முகத்தைக் கழுவலாம் என்றால் குழாயில் தண்ணீர் இல்லை.

பின்பக்கம் போனேன். அவளுடைய அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவள் முழுவதையும் கேட்டாள். பேனாவை எடுத்து வந்து, ஒரு வெள்ளைத் தாளில் தேதியோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். அவள் கையெழுத்து அழகாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"திட்டக்குடில நாங்க குடியிருந்த வூட்ல எங்க அப்பா செத்த மாசமே சாமானத் தூக்கி ரோட்ல வச்சிட்டாங்கக்கா. பாத்திரம் பண்டம், அப்பா போட்டோ, எல்லாம் ரோட்ல. அப்ப எனக்கு எங்க போயி யார கேக்குறதுன்னு தெரியல. அப்புறம்தான் ஆபீஸு ஆபீஸா போயி கேட்டுத் தெரிஞ்சிகிட்டேன்."

சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது, உண்மைதான். கூடவே, இதைச் சொல்லும்போது இவள் குரல் கூட உடையவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு நொடி நிறுத்தினாள். "மீட்டரு சமாச்சாரம் பத்தி ஓனரம்மா எங்கிட்டயே கேட்டாங்கக்கா. நான் யாருகிட்டயும் அப்பிடிச் சொல்லலியேன்னேன். யாரு சொன்னாங்கன்னு நான் கேட்டுக்கல."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவளுடைய அம்மா, எதுவும் காதில் விழாமல், கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

"தெரியும்க்கா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். "இந்தாங்க. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சிக்கோங்க."

அவள் கத்தியிருந்தால், இரண்டு வார்த்தை திட்டியிருந்தால், நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அவள் எதுவும் சொல்லாததால் நான் அந்தத் தாளோடு முற்றத்தில் அப்படியே நின்றேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லாமல் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டேன். அன்று சாயந்திரம் அவள் டியூப் மாட்டிக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சட்ட உதவி மையத்திலிருந்து கடுதாசி வந்த மறுநாளே வால்வு திறந்துவிட்டது. லைன் ரிப்பேர் முடிந்துவிட்டதாக மகன் சொன்னான். பேச்சுவார்த்தைக்கு அவன் வந்திருந்தான். நேரில் பார்த்தால் அவனும் பயந்துபோய்தான் இருந்தான். வேலை போய்விட்டது, அம்மாவிடம் கூட இன்னும் சொல்லவில்லை என்று வக்கீலம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. என் கணவர் அன்று லாரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். மகளின் பரீட்சை முடிந்து மே மாதக் கடைசி வரை நாங்கள் இருக்கலாம், அதுவரை தண்ணீருக்கும் கரண்டுக்கும் இடைஞ்சல் கூடாது, போகும்போது அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஓனரம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பல நாள் கழித்து மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, "கோர்ட்டு வரைக்கும் போயிட்டீங்களே," என்றார். போயிட்டீங்களே. நான் ஆசைப்பட்ட அந்த 'ங்க' கிடைத்துவிட்டது. கிடைத்த அன்றைக்கு அது எனக்கு இனிக்கவில்லை.

மே மாதம் ஜங்ஷன் பக்கம் ஒரு வீட்டுக்கு மாறினோம். மகளுக்கு நர்சிங் கிடைத்தது. அவள் இன்னும் அந்த அக்காவோடு போனில் பேசுகிறாள். பழைய வீட்டின் முன்போர்ஷனில் செல்போன் கடை ஓடுகிறது. பஸ்ஸில் போகும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பேன். கடைக்குப் பக்கத்தில் அந்த ஸ்கூட்டி நிற்கும்.

போன மாதம் யூனிட்டில் உருப்படிகளைப் பளபளப்புக்காக கிளேஸ் கரைசலில் முக்கும் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் ஓனர் அட்வான்ஸைத் தர மாட்டேன் என்கிறாராம். "லேபுல ஒரு அக்கா இருக்குதாம், இதெல்லாம் நல்லா சொல்லுமாம். சாயந்திரம் போயிப் பாக்கப் போறேன்," என்றாள்.

"அங்கல்லாம் எதுக்குப் போற? சனிக்கிழம லீவு போடு. நான் ஒன்ன கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரேஷன் கார்டும் கேஸு புக்கும் எடுத்துகிட்டு வா," என்றேன்.

கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணுக்காகத்தான் போனேன் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன்.